ஐந்து, ஐந்து, பத்து

டிசம்பர் 27, புதன்

காலையில் சிலிண்டர் வந்தது. மனைவி மங்கையர்க்கரசி கோயிலுக்குப் போயிருந்ததால் நான்தான் வாங்கி வைத்தேன். பத்து மணிக்கு ஆறாம் வகுப்பு 'அ' பிரிவுக் கணக்குத் தாள்களோடு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து தாள். மதியத்துக்குள் முடித்திருப்பேன். ஒரே ஒரு தாளால் கெட்டது.

பதினான்காம் கேள்வி: '5 செ.மீ., 5 செ.மீ., 10 செ.மீ. பக்கங்களைக் கொண்ட முக்கோணம் எவ்வகையைச் சேர்ந்தது?' ஒரு மதிப்பெண். மூன்று பக்கமும் சமம் என்றால் சமபக்க முக்கோணம். இரண்டு மட்டும் சமம் என்றால் இருசமபக்கம். மூன்றும் வேறு வேறு என்றால் அசமபக்கம். ஐந்தும் ஐந்தும் சமம். ஆக, இருசமபக்கம். கேள்வியைப் பார்த்ததுமே எழுத வேண்டிய விடை. முப்பத்தோரு பேர் எழுதிவிட்டார்கள். மூன்று பேர் மாற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எதைத்தான் சரியாக எழுதினார்கள்?

கனிஷ்கா என்ற பெண் மட்டும், 'இது முக்கோணம் இல்லை' என்று எழுதி, கீழே ஒரு நேர்க்கோடு போட்டு, கோட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறாள். விடை தெரியாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே. கேள்வியையே தப்பு என்கிறாள். பதினொரு வயது.

சிவப்பு மையில் பெரிய பூஜ்யம் போட்டேன். பத்தொன்பது வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். ஒரு பிள்ளை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஜனவரி 3, புதன்

தாள்களைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போன கனிஷ்கா போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"சார், பதினாலாவதுக்கு மார்க் போடல."

"தப்பா எழுதுனா எப்படிப் போடுறது?"

"தப்பில்ல சார். நான் வரஞ்சு பாத்தேன். முக்கோணம் வரவே இல்ல."

"ரெண்டு பக்கம் சமமா இருந்தா அது என்ன முக்கோணம்?"

"இருசமபக்க முக்கோணம் சார். ஆனா இது..."

"ஆனா ஆவன்னா எல்லாம் வேண்டாம். போய் உக்காரு."

உட்காரத்தான் போனாள். ஆனால் போகும்போது அவள் முகம் இருந்த இருப்பு! பெரிய நீதிமன்றத்தில் தோற்றவள் மாதிரி. பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மாலை வீட்டுக்கு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று கவராயத்தை எடுத்து வரைந்தேன். பத்து செ.மீ. கோடு. இரண்டு முனையிலிருந்தும் ஐந்து செ.மீ. வில். இரண்டு வில்லும் மேலே வெட்டிக்கொள்ளாமல் கோட்டின் மேலேயே வந்து ஒட்டிக்கொண்டன. பென்சில் மழுங்கியிருந்தது. கடைகளில் இப்போது கிடைக்கிற கவராயமும் தரமில்லை, திருகு நிற்பதே கிடையாது. தாளைக் கிழித்துப் போட்டேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 4, வியாழன்

இன்று வகுப்பில் நடந்தது நல்லதுக்குத்தான். ஒரு முறை கண்டித்து வைத்தால் வருடம் முழுக்கப் பிரச்சினை இல்லை.

நான் உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்து வந்தாள். கையில் மூன்று துடைப்பக் குச்சி, ஐந்து, ஐந்து, பத்து என்று அளந்து வெட்டியது. என்னைக் கேட்காமலே மேசைமேல் வைத்தாள். பெரிய குச்சியைப் படுக்க வைத்து, சின்னக் குச்சி இரண்டையும் இரண்டு முனையில் நிறுத்தி, நடுவில் சாய்த்துச் சேர்க்கப் பார்த்தாள். இரண்டும் படுத்துவிட்டன.

"பாருங்க சார். மேல ஏறவே மாட்டேங்குது. கூரை இல்லாம முக்கோணம் எப்படி சார் வரும்?"

வகுப்பே சிரித்தது. அவளைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று எனக்குத் தெரியாதா? முப்பத்திரண்டு வருடம் இந்த வேலை பார்க்கிறேன்.

ஸ்கேலை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினேன். அவ்வளவுதான். வகுப்பு அடங்கியது. குச்சிகளை ஒடித்து ஜன்னல் வழியாகப் போட்டேன். பீரியட் முடியும்வரை அவளை வெளியே நிற்கச் சொன்னேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தால்தான் என் வகுப்பில் உட்கார முடியும் என்றும் சொன்னேன். அவள் அழவில்லை. வலது கையை இடது கக்கத்தில் செருகிக்கொண்டு நின்றாள். அந்தத் திமிரைத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

கனிஷ்கா வரவில்லை. ஸ்கேல் உடைந்துவிட்டது. பழைய மரம்.

ஜனவரி 9, செவ்வாய்

பிளம்பர் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனான். இன்னும் சொட்டுகிறது.

முக்கோண வகைகளை மறுபடி ஒருமுறை நடத்தினேன். "யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்று கேட்டேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வகுப்புச் சத்தம் சுவர் தாண்டி இங்கே கேட்டது. என் வகுப்பில் காற்றாடிச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. இதுதான் ஒழுங்கு.

அவள் இன்றும் வரவில்லை. அம்மாவைக் கூட்டிவரப் பயம்.

ஜனவரி 12, வெள்ளி

தலைமையாசிரியை ஞானசெல்வி என்னை அழைத்தார். மேசைமேல் வருகைப் பதிவேடு விரித்திருந்தது.

"கனிஷ்கா ஆறு நாளா வரல சார். அவங்க தெருப் பிள்ளைய விட்டுக் கேட்டா வயித்துவலின்னு சொல்லி விட்டுருக்காங்க. உங்க வகுப்புல எதுவும் நடந்துச்சா?"

"கண்டிச்சேன். எதிர்த்துப் பேசுச்சு."

"என்ன பேசுச்சு?"

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வினாத்தாளை வாங்கிப் பார்த்தார். அவர் தமிழாசிரியை. கணக்குக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு நிமிடம் அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கணக்கு அவ்வளவா வராது சார். ஆனா இந்த ரெண்டு அஞ்சும் சேந்தா பத்துதான? அப்ப பத்து மேலயே படுத்துக்குமே?"

"மேடம், இது வகைப்பாடு பற்றின கேள்வி. ரெண்டு பக்கம் சமமா இல்லையான்னு மட்டும்தான் பாக்கணும். வரைய முடியுமான்னு யாரும் கேக்கல."

"வரைய முடியாதுன்னா அது முக்கோணமா சார்?"

வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். சொன்னால் என்ன புரியப்போகிறது? இரண்டு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவது பக்கத்தைவிட அதிகமாக வர வேண்டும் என்பது அதே பாடத்தில் இரண்டு பக்கம் தள்ளித்தான் இருக்கிறது. நானே நடத்தியதுதான். அது வேறு, இது வேறு.

எழுந்துகொள்ளும்போது கேட்டார். "சார், கை வச்சீங்களா?"

"இல்ல" என்றேன்.

அது பொய் இல்லை. கை வைக்கவில்லை. ஸ்கேலை நான் மேசையில்தான் தட்டினேன். குச்சியை எடுக்க அவள் கை நீட்டியிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய?

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். வாசுகி வரவில்லை. ஓசூரில் லீவு கிடைக்கவில்லையாம். போன வருடமும் இதே காரணம். போனில் அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினாள். சிரிப்புச் சத்தம் ஹால்வரை வந்தது. என் முறை வரும்போது எப்போதும் போல, "சாப்பிட்டீங்களாப்பா?"

என் மகள் எஞ்சினியர். என் வகுப்பில், என்னிடம் கணக்குப் படித்தவள். அவளுக்காவது புரியும் என்று கனிஷ்கா விஷயத்தை முழுக்கச் சொன்னேன். ஒரு பொடிப்பெண், அதற்கு வக்காலத்து வாங்குகிற தலைமையாசிரியை, எல்லாம்.

"அப்பா, அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி."

"நீயுமா?"

"எனக்கும் தெரியும்ப்பா. ஆறாவதுலயே தெரியும். முழுப் பரீட்சைக்கு முந்தின நாள் உங்க பழைய கொஸ்டின் பேப்பர வச்சு வரஞ்சு பாத்தேன். வரல. மூணு தடவ வரஞ்சேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்ககிட்டயா?" என்றாள். "இருசமபக்கம்னு எழுதி மார்க் வாங்கிட்டேன்ப்பா. அன்னைல இருந்து அப்படித்தான்" என்றாள்.

என்ன அன்றையிலிருந்து? என்ன அப்படித்தான்? போனை மங்கையர்க்கரசியிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அவள் சாப்பிடக் கூப்பிட்டாள். இறங்கவில்லை. பொங்கல் நாளில் அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? பெற்ற பெண்ணுக்குத் தெரிந்திருந்ததாம். பதினாறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தாளாம். பொய். இப்போது என்னைக் குத்துவதற்காகச் சொல்கிறாள்.

மாலையில் மங்கையர்க்கரசி காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டேன்.

"நான் என்னங்க சொல்றது?" என்று கீழே போய்விட்டாள். முப்பது வருடமாக இதே பதில்தான். இன்றுதான் அது எனக்குக் கேட்டது.

ஜனவரி 17, புதன்

பரண்மேல் இருந்த பழைய வினாத்தாள் கட்டை இறக்கினேன். பதினொரு வருடத்துத் தாள்கள் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் ஐந்து, ஐந்து, பத்து. எண்ணைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு வருடமும் கிட்டத்தட்ட நாற்பது பிள்ளைகள்.

புதுப் பென்சிலை பிளேடால் சீவினேன். வரைந்தேன். மறுபடியும் வரைந்தேன். பென்சில் கூர்மையாகத்தான் இருந்தது.

ஜனவரி 18, வியாழன்

அவள் வரவில்லை. ஞானசெல்வி ஒரு துண்டுத் தாளில் கனிஷ்காவின் அம்மா பெயரையும் அவர் வேலை பார்க்கிற ஏலக்காய் ஸ்டோர் பெயரையும் எழுதிக் கொடுத்தார். "நானே போயிருவேன் சார். ஆனா நீங்க போறதுதான் முறை" என்றார். பாண்டீஸ்வரி. அம்மா பெயர் அது. முத்து மாதிரிக் கையெழுத்தில் எழுதி நீட்டுகிறார். எனக்கு முறை சொல்லித் தருகிறார்! தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 20, சனி

போனேன்.

போடியில் இத்தனை வருடம் இருந்தும் ஏலக்காய் ஸ்டோர் உள்ளே போனது இதுதான் முதல் தடவை. நீளமான ஹால். ஐம்பது அறுபது பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, தட்டில் காயைக் கொட்டிப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாசனை நெஞ்சை அடைத்தது. சூப்பர்வைசர் பாண்டீஸ்வரியைக் காட்டினார். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை.

"சாப்பாட்டு மணி அடிக்கட்டும் சார். அதுக்கு முன்னாடி எந்திரிக்கக் கூடாது."

அரை மணி நேரம் வாசலில் நின்றேன். அப்படி நின்று எத்தனை காலம் ஆயிற்று! கோபம் மண்டைக்கு ஏறியது. திரும்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை படியிறங்கினேன். இரண்டாவது முறை திரும்பியபோதுதான் சுவரோரம் சாக்குமேல் உட்கார்ந்திருந்த கனிஷ்காவைப் பார்த்தேன். அம்மாவின் தட்டிலிருந்து ஒரு கை காயை அள்ளி வைத்துக்கொண்டு, அவளும் பெரியது வேறு, சின்னது வேறு என்று பிரித்துக்கொண்டிருந்தாள். இடது கையால். வலது கையின் நடுவிரலை மட்டும் தூக்கி வைத்திருந்தாள். அந்த நகம் முழுக்கக் கறுத்திருந்தது.

மணி அடித்தது. பாண்டீஸ்வரி தூக்குவாளியோடு வெளியே வந்தார். என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும்.

"வயித்துவலின்னு சொல்லியிருந்தீங்க" என்றேன். முதலில் அதுதான் வாயில் வந்தது.

"புள்ள அப்படித்தான் சார் சொல்லுச்சு. விரலப் பத்திக் கேட்டதுக்கு, கதவுல நசுங்கிருச்சுன்னுச்சு. நானும் நம்பினேன். பக்கத்து வீட்டுப் புள்ள வந்து சொன்ன பெறகுதான் தெரியும், எந்தக் கதவுன்னு."

"நான் மேசையிலதான் தட்டினேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். தட்டும்போது அவள் கை அங்கே இருந்தது எனக்குத் தெரியும். ஸ்கேல் மேலே இருக்கும்போதே தெரியும். இதை இங்கே எழுதிவிடுகிறேன்.

"அவ போட்டதுதான் சரி" என்றேன். "கேள்வி தப்பு. நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். மார்க் போட்டுர்றேன்."

"மார்க்கா?" அவருக்கு அப்போதுதான் குரல் உயர்ந்தது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க எட்டு எம்.எம். காய ஏழு எம்.எம். காயோட நான் போட்டுட்டேன்னு வைங்க, பக்கத்துல இருக்குறவ சொல்லுவா. திருப்பிக் கொட்டிப் பொறுக்குவேன். சொன்னவ விரல ஒடிப்பேனா சார்? நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன். எனக்கே இது தெரியுது."

"தப்புதான்."

"எங்கிட்ட ஏன் சார் சொல்றீங்க? இங்க யாருக்குத் தெரியும் நீங்க யாருன்னு? எம்புள்ளைய நாப்பது புள்ளைக முன்னாடி அடிச்சீங்க. எங்கிட்ட வந்து வாசல்ல நின்னு மெதுவா சொல்லிட்டுப் போறீங்க."

கனிஷ்கா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன்" என்றார் பாண்டீஸ்வரி. "படிக்கணும்ல. ஆனா உங்க வகுப்புல விடமாட்டேன்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். எவ்வளவு கோபமாக வந்தேன் என்றால், எதிரே வந்த சைக்கிள்காரனைக் காரணமே இல்லாமல் திட்டினேன். அவன், "என்ன சார் ஆச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 22, திங்கள்

நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி ஞானசெல்வியிடம் கொடுத்தேன். கேள்வி, குச்சி, ஸ்கேல், விரல். கை வைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னது பொய் என்றும் எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"இத நான் மேல அனுப்பணும் சார். விசாரணை வரும். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் எவ்வளவு?"

"ஒன்றரை வருஷம்."

"யோசிச்சுக் குடுத்தீங்களா?"

"அனுப்புங்க மேடம்."

அவர் நல்ல வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை. கனிஷ்காவை 'ஆ' பிரிவுக்கு மாற்றிவிட்டதாகவும், புதன்கிழமை அம்மாவோடு வருவாள் என்றும், அன்று 'அ' பிரிவில் அதே பிள்ளைகள் முன்னால் நான் பேச வேண்டும் என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்திரண்டு வருடம் யாரும் எனக்கு இப்படி உத்தரவு போட்டதில்லை. சரி என்றேன்.

மங்கையர்க்கரசியிடம் சொன்னேன். குழாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஸ்பேனரைக் கீழே வைத்தாள். "வாசுகிகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள். இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 24, புதன்

இரண்டாம் பீரியட். ஞானசெல்வி, பாண்டீஸ்வரி, கனிஷ்கா மூவரும் கதவோரம் நின்றார்கள். கனிஷ்காவின் விரலில் துணி சுற்றியிருந்தது.

கரும்பலகையில் பத்து செ.மீ. என்று குறித்து ஒரு கோடு போட்டேன். பெரிய கவராயத்தால் இரண்டு பக்கமும் வில் வரைந்தேன். இரண்டும் கோட்டின் நடுவில் தொட்டுக்கொண்டன.

"பதினாலாவது கேள்வி தப்பு" என்றேன். "இந்த அளவுல முக்கோணம் வராது. கனிஷ்கா எழுதுனது சரி. அவ குச்சி கொண்டாந்து காட்டுனப்ப எனக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சும் அவ விரல்ல அடிச்சேன். அது குத்தம். கனிஷ்கா, உங்கிட்ட மன்னிப்புக் கேக்குறேன்."

கேட்டுவிட்டதற்கும் கோபம் வந்தது. ஒரு பிள்ளையும் அசையவில்லை. அவர்களுடைய அந்த அமைதியை இத்தனை நாள் ஒழுங்கு என்று எழுதி வைத்திருந்தேன்.

எதற்காக அடுத்ததைக் கேட்டேன் என்று தெரியவில்லை. வாசுகி சொன்னது இரவும் பகலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் இருக்கலாம்.

"இது முக்கோணம் வராதுன்னு பரீட்சை அன்னைக்கே தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? அடிக்க மாட்டேன். திட்ட மாட்டேன். கைய மட்டும் தூக்குங்க."

காற்றாடி ஓடியது. கடைசி பெஞ்சில் முகேஷ் கையைப் பாதி தூக்கினான். இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி தூக்கினான். அப்புறம் ஜன்னலோரம் ஒரு பெண். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்தாற்போல. முதல் வரிசையில், நான் கேட்டதற்கெல்லாம் முந்திக்கொண்டு பதில் சொல்கிற ஹரிணியும் தூக்கினாள். ஒன்பது கை. ஒன்பது பேரும் 'இருசமபக்கம்' என்று எழுதி என்னிடம் ஒரு மதிப்பெண் வாங்கியவர்கள்.

எண்ணி முடித்துவிட்டுக் கதவோரம் பார்த்தேன். கனிஷ்கா என்னைப் பார்க்கவில்லை. தூக்கியிருந்த கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இத்தனை நாளாகப் பள்ளிக்கு வராதவள், நான் அடித்தபோதுகூட அழாதவள், அப்போது அழ ஆரம்பித்தாள்.

"உனக்கும் தெரியுமா ஹரிணி?" என்றாள். "நான் வெளிய நின்னப்ப நீ சிரிச்சல்ல?"

ஹரிணி கையை இறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். மற்றவர்களும் கையை இறக்கவில்லை. இறக்கலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும் என்பதே எனக்கு வெகுநேரம் தோன்றவில்லை.